மூலையில் விட்டிருந்த மண்

பிள்ளைகளா, இந்த வீடு ஒரு நாள் உங்கள் கைக்கு வரும். வைத்துக்கொள்வீர்களோ, விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போவீர்களோ, எனக்குத் தெரியாது. வேலை கிடைக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் விற்கிற நாள் வந்தால், வாங்குகிறவர்களிடம் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது. வாயால் சொல்ல இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். தம்பி சிரித்துவிடுவான், பாப்பா பயந்துவிடுவாள் என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நாம் மணியாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் வளர்ந்தீர்கள். ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றால்கூட உங்கள் அம்மா யோசிப்பாள், நம்ம சுவரா என்று. பாப்பாவுக்குக் கோவில்பட்டியில் காலேஜ் கிடைத்தபோது தினம் ரயிலில் போய் வந்தாள். காலையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவாள். அடுத்த வருஷம் எனக்கும் கோவில்பட்டி செக்‌ஷனுக்கு மாற்றல் வந்தது. உங்கள் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள், இனிமேல் அடுத்தவன் வீட்டில் அடுப்பு வைக்க மாட்டேன் என்று.

சித்திரையில் வீடு பார்க்கத் தொடங்கினோம். கரிசல் ஊரில் வீடு பார்க்க வெயில் காலம்தான் சரி. அப்போதுதான் நிலம் வெடித்துக் கிடக்கும், சுவரில் உள்ள விரிசலும் வாயைத் திறந்து நிற்கும். மழை விழுந்தால் எல்லாம் மூடிக்கொள்ளும். மேலே ஒரு பூச்சு வெள்ளை அடித்துவிட்டால் கடவுளுக்கே தெரியாது. நான் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். சுவரில் செருகிப் பார்ப்பேன். சில வீடுகளில் ஈர்க்கு முழுதும் உள்ளே போய்விடும். புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. “அண்ணாச்சி, கரிசல்ல விரிசல் இல்லாத வீடு வேணும்னா, இன்னும் கட்டாத வீடாத்தான் பாக்கணும்” என்பார்.

ஆடி, ஆவணி எல்லாம் அலைந்து, புரட்டாசியில்தான் இந்த வீட்டைப் பார்த்தோம். காலேஜுக்குப் பின்பக்கம், வாசலில் ஒரு முருங்கை. மூன்று அறை. வயதான ஒரு அம்மா தனியாக இருந்தார்கள். வயதானவர் என்கிறேனே தவிர, என் மூத்த அக்கா வயதுதான் இருக்கும். கணவர் இல்லை. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவைக் கூட வைத்துக்கொள்வதற்காக வீட்டை விற்கிறார். லீவு போட்டு வந்திருந்தார்.

ஈர்க்கு ஓர் இடத்தில்தான் உள்ளே போனது. தென்மேற்கு அறையில், மூலையிலிருந்து மேலே ஏறுகிற ஒற்றை விரிசல். அந்த அறையைப் புரோக்கர் திறக்கப் போனபோது அந்த அம்மா எழுந்து வந்து, தானே திறந்து, நிலையில் கை வைத்து நின்றுகொண்டார்கள். உள்ளே மூலையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி, உத்தரக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கியது. அதன் கீழே ஒரு விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் கையளவு இடம் மட்டும் பூசாமல் கறுப்பு மண்ணாகவே கிடந்தது. சிமெண்டு பெயர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

உங்கள் அம்மா பெட்டியைப் பார்த்ததும் செருப்புக் காலை வாசலிலேயே இழுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை நம் பக்கத்தில் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவார்கள். வருஷா வருஷம் தையில் புதுப் பாவாடை சட்டை வைத்துப் படைப்பார்கள்.

எத்தனை வயது என்று உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“ஒம்பது. காய்ச்சல்” என்றார்கள் அந்த அம்மா. 

மகனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அதையெல்லாம் நாங்கள் கொண்டுபோய்விடுவோம் சார் என்று என்னிடம் அவசரமாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் அம்மா, “பிள்ளை இருக்க வீடு. நம்ம வீட்டுலயும் ஒருத்தி இருக்கா” என்றாள். அவர்கள் பிள்ளையை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நமக்கென்ன என்றேன். அப்படியென்றால் சரி என்றாள்.

கார்த்திகைக் கடைசியில் பத்திரம் முடிந்தது. மார்கழி பிறந்துவிட்டால் வீடு மாற முடியாது என்று அதற்கு முந்தியே காலி செய்தார்கள். காரில் ஏறும்போது அந்த அம்மா ஓலைப்பெட்டியை மடியில் வைத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கன்னி என்றால் பெட்டிதான். பெட்டி எங்கே போகிறதோ அங்கே கன்னியும் போய்விடும். அதனால் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர்களுக்கு மார்கழியில் மாறக்கூடாது என்றால், நமக்கு மார்கழியில் பால் காய்ச்சக்கூடாது. ஒரு மாதம் சாவி என் கையில் சும்மா இருந்தது. சும்மா இருக்க எனக்கு வராது. அந்த விரிசலை என்ன செய்யலாம் என்று பார்த்தேன்.

கறுப்பு மண்ணோடு பழகித்தான் எனக்குத் தலை நரைத்தது. தண்டவாளத்துக்கு அடியில் அந்த மண் இருந்தால் மழையில் ஊறி ஜல்லிக்கு மேலே சேறாகக் கக்கும், கோடையில் உள்வாங்கும், தண்டவாளம் ஒரு பக்கம் சாயும். தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் போடுவதுதான் வழி. வீட்டுக்கும் அதுதான். லீவு போட்டேன். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாள் அம்மாவும் வந்தார்கள். நானும் மண்வெட்டி பிடித்தேன். தென்மேற்கு அறைத் தரையை உடைத்து, இடுப்பளவுக்குக் கரிசலை வெட்டி அள்ளினோம். “தண்டவாளம் போடப் போறீகளா, தரை போடப் போறீகளா” என்று உங்கள் அம்மா கேலி செய்தாள்.

மூலையை வெட்டும்போது சித்தாள் அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தது. “அண்ணாச்சி, இது எண்ணெய் குடிச்ச மண்ணால்லா இருக்கு. விளக்கு வச்ச இடமா?” என்று கேட்டது. வைத்திருந்தார்கள், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். சித்தாள் அம்மா மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி சட்டியைத் தூக்கியது. எல்லாம் டிராக்டரில் ஏறிப் போனது. சரள் மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். சுவர் முழுக்கப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தோம். ஓர் ஈர்க்கு நுழைய இடமில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தை பிறந்து பால் காய்ச்சினோம். சத்தம் இல்லாத அறை என்று அதைப் பாப்பாவுக்குக் கொடுத்தோம். பாப்பா, நீ சில நாளில் புத்தகத்தை எல்லாம் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டாய். உள்ளே போன் சரியாக எடுக்கவில்லை என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி, நீ ஒரு நாள் அந்த அறையில் நடந்தால் பின்னாலேயே ஒருத்தர் நடக்கிற மாதிரி கேட்கிறது என்றாய். நான் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, டைல்ஸுக்கு அடியில் காற்று நின்றால் அப்படித்தான் கேட்கும் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எனக்கு வேறு ஒன்று இருந்தது. ஸ்டேஷனில் பெஞ்சு மேலே ஒரு பையை வைத்துவிட்டு யாரோ எழுந்து போயிருப்பார்கள். ஆள் இருக்காது, ஆனாலும் அந்த இடத்தில் நாம் உட்கார மாட்டோம். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அப்படி இருந்தது.

அந்தத் தையிலேயே ஒரு காலை. நீங்கள் இரண்டு பேரும் படிக்கப் போய்விட்டீர்கள். எனக்கு அன்று ஓய்வு. வாசலில் ஆட்டோ நின்றது. அந்த அம்மா இறங்கினார்கள். கையில் ஒரு புது மண்கலயம், மஞ்சள் துணி, ஒரு முழம் பூ. சாத்தூரில் கல்யாணம் என்று மகனிடம் சொல்லிவிட்டு, பெங்களூரிலிருந்து தனியாக ரயில் ஏறி வந்திருக்கிறார்கள்.

“தை பிறந்துட்டுல்லா தாயி. பிள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்” என்று உங்கள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. காப்பி கொடுத்தோம். பிடிமண் எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றார்கள். சாமி இருக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் வேறு இடத்தில் வைத்தால், சாமியும் அங்கே வந்துவிடும். அதுதான் பிடிமண். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான், பூசாமல் விட்டிருந்த அந்தக் கையளவு இடம் என் கண் முன்னால் வந்தது.

அந்த அம்மா நாங்கள் வழி காட்டாமலே உள்ளே போனார்கள். அவர்கள் இருந்த வீடுதானே. அறை வாசலில் நின்றார்கள். அப்புறம் மூலைக்குப் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, டைல்ஸை உள்ளங்கையால் தடவினார்கள்.

“இங்கன மண்ணு இருந்துச்சே” என்றார்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். கரிசல் இருந்தால் சுவர் நிற்காது, அதனால் அள்ளிவிட்டுச் சரள் போட்டோம், இனி விரிசல் வராது என்று. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சரளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கடைசி வரை கேட்டார்கள். பிறகு சத்தம் உயர்த்தாமல் கேட்டார்கள்.

“எம்பிள்ளைய எங்கன கொட்டுனீய?”

உங்கள் அம்மா அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். பிள்ளையைப் புதைத்த இடத்தில் இப்போது ரோடு போகிறது. ஆனால் பதினாறாம் நாள் விசேஷத்தன்று அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து இந்த மூலையில் வைத்தார்கள். சிமெண்டு போட்டபோதும் அந்த இடத்தை மட்டும் மூட விடவில்லை. பெட்டியில் இருந்தது பிள்ளையின் துணிமணி. பிள்ளை இருந்தது மண்ணில். கார்த்திகையிலேயே எடுத்திருக்கலாம், ஆனால் அவர்கள் வழக்கத்தில் தை பிறந்துதான் பிடிமண் எடுப்பார்கள். பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் அப்போது சொல்லியிருந்தார், தை பிறந்ததும் தட்டிக் கழித்துவிட்டார். எங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

நான் டிராக்டர்காரருக்குப் போன் போட்டேன். காலேஜுக்கு அந்தப் பக்கம் பள்ளமாகக் கிடந்த இடத்தை மேடாக்கிக் கொண்டிருந்தார்கள், அங்கேதான் கொட்டினேன் என்றார். ஆட்டோவில் போனோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் அந்த அம்மா அதுவரை ஒன்றும் சாப்பிடவில்லை.

போய்ப் பார்த்தால் மொட்டைத் தரை. பல வீட்டு மண், பல கிணற்று மண், எல்லாவற்றையும் ஜேசிபி வைத்து நிரவியிருந்தார்கள். ஒரே கறுப்பு. காலேஜ் பெண்கள் வலை கட்டித் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓரமாகவே சுற்றி நடந்தார்கள். சில இடத்தில் குனிந்து மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்கள். நானும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த மண்ணில் என்ன தெரியும்.

ஒரு இடத்தில் நின்று, பக்கத்து வீட்டில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாகக் கூப்பிட்டார்கள்.

“ஏட்டி. ஏட்டி, வாட்டி, போவோம்.”

பந்தை வைத்திருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி எங்களைப் பார்த்து இரண்டு எட்டு வந்தாள். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 

“ஒன்ன இல்லம்மா. நீ வெளையாடு” என்றார்கள் கடைசியில்.

அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொள்ளலாமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். உத்தரவு இல்லாமல் எடுக்கக்கூடாது என்றார்கள். பல்லி சொன்னால்தான் பிள்ளை வருகிறாள் என்று அர்த்தம். சுவரும் இல்லாத கூரையும் இல்லாத வெட்டவெளியில் பல்லிக்கு எங்கே போவது. வீட்டுக்கே போவோம், அங்கே சொல்லுகிறதா பார்ப்போம் என்றார்கள்.

மத்தியானம் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கலயம் முன்னால் இருந்தது, பூ மூலையில் இருந்தது. நான் புதிதாகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வீட்டில் பல்லிக்கு ஒளிய ஓர் ஓட்டை இல்லை. உங்கள் அம்மா டியூப்லைட்டுக்குப் பின்னால் பார்த்தாள். நான் பீரோவை நகர்த்திப் பார்த்தேன். இத்தனை வயதில் பல்லியைத் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். இடையில் மகன் போன் போட்டார். “கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுய்யா. சாப்பாடெல்லாம் நல்லாருந்துச்சு” என்று அந்த அம்மா மூலையைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

பல்லி சொல்லவில்லை.

சாயங்கால ரயிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அதற்கு அவர்கள் வேறு ஒன்று சொன்னார்கள்.

“எம்மவன்ட்ட சொன்னா, எல்லாம் மனசுலதாம்மா இருக்குன்னு சொல்லுவான். அது அவனுக்குச் சரி. எனக்கு அவ எங்கன இருக்கான்னு தெரியணும் தம்பி. உங்க வீட்டுலயா, அந்தப் பொட்டல்லயா? வீட்டுலன்னா எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கள்லாம் இருக்கீய. பொட்டல்ல ஒத்தையில நிக்காளோன்னு நினைச்சாத்தான் தாங்க முடியல.”

வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெறும் கலயத்தை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். கையில் அழுத்திப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்கிற மாதிரிதான் இருந்தது.

அதற்கப்புறம் டியூட்டியில் தண்டவாளத்தோடு நடக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கரிசலைத்தான் பார்த்தேன். எது யார் மண் என்று எப்படிச் சொல்வது. அந்த மொட்டைத் தரையைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். பெண்கள் ஆடுகிற சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஆடாத நேரத்தில் அதைவிடக் கஷ்டமாக இருக்கும். எங்கள் குடும்ப வழக்கத்தை வைத்து அவர்கள் வீட்டுச் சாமியை அளந்துவிட்டேன், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மண்வெட்டி பிடித்தது என் கை.

இப்போதும் அந்த அம்மா உங்கள் அம்மாவுக்குப் போன் போடுவார்கள். ‘பிள்ளை எப்படி இருக்கா?’ என்று கேட்பார்கள், உங்கள் அம்மா ‘நல்லா இருக்கா’ என்பாள். பாப்பா, உன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். உங்கள் அம்மாவை அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். எதனால் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அந்தத் தைக்கு அடுத்த மாசியில், எட்டயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் மூன்று பேரும் போயிருந்தீர்கள். நான் டியூட்டி முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில் அந்த இடத்துக்குப் போனேன். ஆட்டம் முடிந்து வலையை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆள் இல்லை. செருப்பைக் கழற்றினேன். கூப்பிட வேண்டும் என்றுதான் போனேன், போன பிறகுதான் அந்தப் பிள்ளையின் பேர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அந்த அம்மா ஒரு தடவைகூடப் பேர் சொல்லவில்லை. அதனால் அவர்கள் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன்.

“ஏட்டி, இங்கன நிக்காத. அம்மை ஊருக்குப் போயிட்டா. வீட்டுக்கு வா, போவோம்.”

திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்பது வயதுக் கால் எவ்வளவு வேகம் நடக்குமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். ரோட்டைக் கடக்கும்போது டவுன் பஸ் போன பிறகும் கொஞ்சம் நின்று கடந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து கதவை அகலமாகத் தள்ளினேன். நான் முதலில் படி ஏறவில்லை. முருங்கை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்று, பிறகுதான் உள்ளே போனேன்.